உச்சி வெயிலில் கோழிக்குத் தீனி வைக்காதீர்கள்

கும்மிடிப்பூண்டி வட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "40 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். நானும் வீட்டுக்காரரும் காலையிலேயே சிப்காட் கம்பெனி வேன் ஏறிவிடுவோம். மாமியார்தான் 11 மணிக்கு வயிறு நிறையத் தீனி வைப்பார். போன வாரம் ஒரே மதியத்தில் 7 கோழிகள் செத்துவிட்டன. நல்ல கொழுத்த கோழிகள். கழிச்சல் இல்லை. இது வெள்ளைக்கழிச்சலா?"

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வெப்ப அயர்ச்சி என்றே தோன்றுகிறது. வெள்ளைக்கழிச்சல் என்றால் பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகும், சாவு நாள்கணக்கில் தொடரும். வெயிலில் சாகும் கோழி பெரும்பாலும் பிற்பகலில், தீனிப்பை நிறைந்தபடி விழும். கொழுத்த கோழிதான் முதலில் போகும். ஆனாலும் இனி ஒன்று செத்தால் உடனே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நான் வேளாண்மைத் துறைக்காரன். தீவனம் பற்றிச் சொல்லலாம், நோயை உறுதி செய்ய வேண்டியவர் கால்நடை மருத்துவர்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியசுக்கு மேல். வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். இதோடு தின்ற தீனி செரிக்கும்போதும் உடம்பில் சூடு பிறக்கிறது. தின்று 3 முதல் 5 மணி நேரத்தில் அது அதிகமாகும். 11 மணிக்குத் தின்றால் உள்ளே எழும் சூடும் வெளியே 2 மணி வெயிலும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

நம் பகுதிக்கு இன்னொரு தொல்லை உண்டு. கடல் பக்கம் என்பதால் புழுக்கம் அதிகம். காற்றில் ஈரம் மிகுந்தால் கோழி எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. அதனால் வெப்பமானி 36 காட்டினாலும் மெத்தனம் வேண்டாம். கொட்டகையைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டி, காற்றையும் அடைத்துவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். அது கோழியை அவிப்பதற்குச் சமம். காற்று புகும் பக்கத்தைத் திறந்து வைத்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் தென்னங்கீற்று போடுங்கள்.

தீனி நேரத்தை மாற்ற உங்கள் வேலை நேரமே தோதாக இருக்கிறது. வேன் ஏறும் முன், விடிகாலை 5 மணிக்கு மூன்றில் ஒரு பங்கு. வேலை முடிந்து வந்ததும் வெயில் தாழ்ந்தபின் மீதி. இரவு 8, 9 மணி வரை ஒரு விளக்கு எரியட்டும், நிதானமாகத் தின்னும். காலை 9 மணிக்கே தீனித் தட்டை எடுத்துவிட வேண்டும். பகலில் பட்டினி கிடக்கிறதே என்று மாமியார் மனம் கேட்காது. அந்த 11 மணி வேலையைத் தண்ணீர் மாற்றும் வேலையாக ஆக்கிக்கொடுங்கள்.

தண்ணீர்தான் கோடையில் முதல் தீவனம். சாதாரண நாளில் கோழி தின்னும் தீனியைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். கடும் வெயிலில் நான்கு மடங்கும் தாண்டும். 40 நாட்டுக்கோழிக்கு நாளொன்றுக்கு 3 கிலோ தீனி என்றால் 12 லிட்டருக்குக் குறையக் கூடாது. மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர் மதியம் கொதிக்கும், கோழி வாய் வைக்காது. மண்பானைத் தண்ணீரை அகலத் தட்டுகளில், நிழலில் நான்கைந்து இடத்தில் வையுங்கள். வெயில் கடுமையான நாட்களில் லிட்டருக்கு 1 கிராம் சமையல் சோடா கலக்கலாம். மூன்று நாள் கொடுத்தால் இரண்டு நாள் நிறுத்துங்கள்.

தீனி குறைவாகத் தின்பதால் தின்னும் கொஞ்சமும் சத்தாக இருக்க வேண்டும். அதற்காகக் கடலைப் புண்ணாக்கை அள்ளிப் போடாதீர்கள். மிஞ்சிய புரதம் சூட்டைத்தான் கூட்டும். கம்பு, நொய், தவிட்டுக் கலவையில் கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் சமையல் எண்ணெய் அன்றன்றைக்குப் பிசிறிக் கொடுத்தால் போதும். மாலைத் தீனியில் தண்ணீர் தெளித்து வைத்தால் விரும்பித் தின்னும். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள், புளித்துவிடும். தவிடு சிக்கு வாடை அடித்தாலோ புண்ணாக்கில் பூசணம் தெரிந்தாலோ கோழிக்கு ஆகாது. கோடையில் இரண்டு வாரத்துக்கு மேல் தீவனம் வாங்கிச் சேர்க்க வேண்டாம்.

முட்டை ஓடு மெலிந்தால் அதற்கும் வெயில் காரணமாக இருக்கலாம். இரைக்க இரைக்க இரத்தத்தின் தன்மை மாறி ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சரியாகச் சேராது. ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில் என்பதால் கிளிஞ்சலை உப்புப் போகக் கழுவி, நொறுக்கி, மாலையில் தனித் தட்டில் வையுங்கள்.

இறக்கையை விரித்து, வாய் பிளந்து கிடக்கும் கோழியை நிழலுக்குத் தூக்கிப் போய் கொண்டை, காலில் தண்ணீர் தடவி விசிறுங்கள். தீனி திணிக்காதீர்கள். நடுப்பகலில் கோழிகளைத் துரத்திப் பிடிப்பதோ தடுப்பூசி போடுவதோ கூடாது. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போடாவிட்டால், வெயில் தாழ்ந்த வேளையில் போட முடியுமா என்று மருந்தகத்தில் கேளுங்கள்.

செத்த கோழியை அறுத்து விற்கலாமா என்று கடிதக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. என்ன காரணத்தால் செத்தது என்று தெரியாத கோழியைச் சமைக்கவும் வேண்டாம், நாய்க்குப் போடவும் வேண்டாம். ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.