கேட்காமல் நீளும் கை

ஸ்வீடனில் 2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெற்றோர் விடுப்பு விதியில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. அதுவரை, பிரசவத்தை ஒட்டிய சில நாட்கள் போக, தாயும் தந்தையும் ஒரே நாளில் சம்பளத்தோடு முழு விடுப்பு எடுக்க வழியில்லை. தாய் விடுப்பில் இருந்தால் தந்தை வேலைக்குப் போக வேண்டியிருந்தது. புதிய விதியின்படி, குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் 30 நாட்கள் வரை இருவரும் சேர்ந்தே வீட்டில் இருக்க முடிந்தது. அந்த நாட்களை ஒரே மூச்சில் எடுக்க வேண்டியதும் இருக்கவில்லை. தேவைப்பட்டபோது ஒன்றிரண்டாக எடுத்துக்கொள்ள முடிந்தது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் பெட்ரா பெர்சனும் மாயா ராஸின்-ஸ்லேட்டரும், இந்த விதிக்கு முன்னும் பின்னும் பிள்ளை பெற்ற தாய்மார்களின் மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டார்கள். 2019-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு சொல்வது இது: பிரசவத்துக்குப் பிந்தைய முதல் ஆறு மாதங்களில், தாய்மார்களுக்குப் பதற்றம் தணிக்கும் மருந்து எழுதித் தரப்படுவது 26 சதவீதம் குறைந்தது. ஆன்டிபயாடிக் 11 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் தந்தைகள் கூடுதலாக எடுத்துக்கொண்டது சராசரியாகச் சில நாட்கள்தான். மனைவிக்குக் காய்ச்சல் அடிக்கிற நாளில், மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்கிற நாளில், விடிய விடிய கண் மூடாத இரவுக்கு மறுநாளில் கணவனும் வீட்டில் இருக்க வழி பிறந்தது. அந்த வழிக்கே இவ்வளவு பலன்.

சில நாட்களுக்கு எங்கிருந்து இந்த வலிமை வருகிறது? பிள்ளை பெற்ற உடம்பின் நிலையைப் பார்த்தால் விளங்கும். நஞ்சுக்கொடி வெளியேறிய சில நாட்களிலேயே ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சரசரவென்று இறங்கிவிடுகின்றன. தையல் இன்னும் ஆறியிருக்காது. குழந்தைக்கோ இரவு பகல் தெரியாது. உடலுக்குள் இருக்கும் நாள்கடிகாரம் ஓரளவு ஒழுங்குக்கு வரவே இரண்டு மூன்று மாதம் ஆகும். பெரியவர்களின் உறக்கச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். பச்சிளம் குழந்தைக்கு 50, 60 நிமிடம்தான். தாய் ஒரு சுற்று உறக்கத்தை முடிப்பதற்குள் குழந்தை நெளியத் தொடங்கிவிடுகிறது.

அழுகைக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1962-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, தாய்மார்கள் தங்கள் குழந்தைகளின் அழுகையை நாள்தோறும் எழுதிவைத்தார்கள். பிறந்து இரண்டு வாரத்தில் அழுகை கூடத் தொடங்குகிறது, ஆறாவது வாரத்தில் உச்சத்தைத் தொடுகிறது, பிறகு படிப்படியாக இறங்குகிறது. உச்சத்தின்போது ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். அதிலும் பொழுது சாயும் நேரத்தில்தான் அதிகம். இவை நோய்நொடி இல்லாமல் வளர்ந்த குழந்தைகள் என்பதை மறக்கக் கூடாது. நம் வீடுகளில் சரியாக அந்த ஆறாவது வாரத்தில்தான் யாராவது வந்து, “பால் பத்தலையோ?” என்று கேட்கிறார்கள். ஏற்கெனவே தளர்ந்திருப்பவளை அந்த ஒரு கேள்வி நொறுக்கிவிடும். “இந்த வயசுல எல்லாக் குழந்தையும் இப்படித்தான் அழும், எடை நல்லா ஏறுதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க” என்று விருந்தாளிக்குக் கணவன் பதில் சொல்லிவிட்டால் போதும். அது மனைவிக்குச் செய்கிற பேருதவி.

உறக்கம் கெட்டால் மூளை என்ன ஆகும் என்பதை உறக்க ஆய்வாளர் மேத்யூ வாக்கரின் குழு 2007-இல் காட்டியது. ஓர் இரவு முழுக்க விழித்திருந்த இளைஞர்களுக்கு மனதைக் கலக்கும் படங்களைக் காட்டியபோது, நன்றாக உறங்கியவர்களைவிட அவர்களது அமிக்டலா 60 சதவீதம் கூடுதலாகக் கிளர்ந்தது. அச்சம், சினம் முதலியவற்றுக்கு மூளையில் மணியடிக்கும் பகுதி அது. அதை அடக்கி ஆளும் முன்மூளைப் பகுதியோடு அதற்கு இருந்த பிணைப்பும் தளர்ந்திருந்தது. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு வீடே அதிர்கிற மாதிரி சண்டை வருகிறதென்றால், அதில் பாதி இந்த அமிக்டலாவின் வேலை. இருவருமே உறங்காத வீட்டில் இருவர் சொல்லையும் அப்படியே மனதில் ஏற்றிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

இனி, கூட ஒருவர் இருப்பது உடம்பை என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். 2006-இல் உளவியலாளர்கள் ஜேம்ஸ் கோன், ஹிலரி ஷேஃபர், ரிச்சர்டு டேவிட்சன் மூவரும் மணமான 16 பெண்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்தார்கள். கணுக்காலில் ஒரு மின்முனை. கண்ணெதிரே திரையில் சிவப்புப் பெருக்கல் குறி தோன்றினால் ஷாக் அடிக்க ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு. அடிக்குமா, அடிக்காதா என்று காத்திருக்கும் அந்தச் சில விநாடிகளில் மூளையைப் படம் எடுத்தார்கள். ஒருமுறை கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருமுறை அறிமுகமில்லாதவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருமுறை யார் கையும் இல்லாமல். கணவரின் கை இருந்தபோது அபாயத்துக்கு எதிர்வினை காட்டும் பகுதிகள் பெரிதும் அடங்கியிருந்தன. தாம்பத்தியம் நிறைவாக இருந்த பெண்களிடம், உடலின் பதற்றச் சுரப்புகளுக்குக் கட்டளையிடும் ஹைப்போதாலமஸ் இன்னும் அமைதியாக இருந்தது. ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை, வெறும் கைதான்.

ஆனால், வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார நேரம் ஏது? அங்கே பெரும்பாலும் கேட்பது வேறொரு வாக்கியம்: “சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே!” சொன்னவர் உண்மையாகவே செய்திருப்பார். அதைச் சொல்ல வைப்பதே ஒரு வேலை என்பதுதான் அவர் கண்ணில் படுவதில்லை. சமூகவியலாளர் ஆலிசன் டேமிங்கர் 2019-இல் இதைப் பிரித்துக் காட்டினார். வீட்டு வேலை செய்வதற்கு முன்பே அதைப் பற்றி நினைக்கிற வேலை ஒன்று இருக்கிறது: வரப்போகும் தேவையை முன்கூட்டி உணர்வது, அதற்கான வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, முடிவு நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவனும் மனைவியும் ஓரளவு சேர்ந்துகொள்கிறார்கள். முன்னுணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்ணின் தலையில். அடுத்த தடுப்பூசி எப்போது, டயப்பர் எத்தனை மிச்சம், காய்ச்சல் மருந்து தீர்ந்துவிட்டதா என்ற கணக்கு அவள் படுத்திருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே, பாதிப் பாதி வேலையாகப் பிரிப்பதைவிட, ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்வது மேல். தடுப்பூசி உங்கள் பொறுப்பு என்றால் அட்டை, தேதி, மருத்துவமனை, அன்று இரவுக் காய்ச்சல் எல்லாம் உங்களுடையது.

உளவியலாளர் நையால் போல்ஜரும் சக ஆய்வாளர்களும் 2000-இல் கண்டது இதற்கு இன்னும் வலு சேர்க்கிறது. நியூயார்க்கில் வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களது துணைவர்களும் தனித்தனியே நாட்குறிப்பு எழுதினார்கள். உதவி செய்ததாகத் துணைவர் குறித்திருந்தும், உதவி பெற்றதாகத் தேர்வாளர் குறிக்காத நாட்களே தேர்வாளருக்கு மிகவும் நன்மை செய்தன. உதவி கண்ணில் பட்டபோது, தன்னால் சமாளிக்க முடியவில்லையோ என்ற எண்ணமும் கூடவே வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அவர்கள் கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். இருந்தாலும் இரவே பாட்டில்களைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கிறவருக்கு இந்தச் செய்தி பொருந்தும் என்றே நம்புகிறேன்.

முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். பத்தியச் சாப்பாடு, எண்ணெய்க் குளியல், குழந்தையை வாங்கிக்கொள்ள அம்மா, சித்தி, பாட்டி எனப் பல கைகள். அருமையான ஏற்பாடு. அதில் ஒரு குறை உண்டு: தந்தை விருந்தாளியாகிவிடுகிறார். இஸ்ரேலில் ஆய்வாளர் ரூத் ஃபெல்ட்மனின் குழு 2014-இல் தந்தையரின் மூளையை ஆராய்ந்தபோது, குழந்தையை நேரடியாகக் கவனித்த நேரம் கூடக் கூட, உணர்ச்சிப் பகுதிக்கும் பிறர் மனதைப் படிக்கும் பகுதிக்கும் இடையிலான இணைப்பும் வலுவாக இருந்தது. தூக்கி, குளிப்பாட்டி, துடைத்துப் பழகுகிறவரின் மூளையில் அது தெரிகிறது. மாமியார் வீட்டில் கூச்சத்தோடு நிற்கும் இளம் தகப்பனிடம் குழந்தையைக் கொடுங்கள், அவருக்கும் பழகட்டும்.

கையும் அன்பும் போதாத நிலையும் உண்டு. இந்தியத் தாய்மார்களில் சுமார் 22 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருப்பதாக 2017-இல் உலக சுகாதார நிறுவன இதழில் வந்த தொகுப்பாய்வு மதிப்பிட்டது. தந்தையரிலும் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருவதாக 2010-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு சொல்கிறது. முதல் வாரத்தின் காரணமில்லாத கண்ணீர் தானாக வடிந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் வாட்டம் விடாவிட்டால், குழந்தை உறங்கும்போதும் உறக்கம் வராவிட்டால், குழந்தையை ஏறெடுத்துப் பார்க்கவே பிடிக்காவிட்டால், அது சிகிச்சையால் குணமாகும் நோய். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடும் எண்ணம் வந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலும் பேசலாம். பாதிக்கப்பட்டவரே அழைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் நீங்களே அழையுங்கள்.