ஒரே கட்டளையை நான்கு முறை அனுப்பினேன்

அண்ணன் மகளுக்குக் காதுகுத்து வைக்க நாள் பார்க்கப் போயிருந்தோம். "குலதெய்வம் எது?" என்று கேட்டார் பூசாரி. அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா என்னைப் பார்த்தார். அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவர் போய் ஓராண்டு ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னார்: "உங்க பாட்டி ஒரு கேசட்ல சொந்த ஊரைப் பத்திச் சொல்லியிருக்காங்க. நானே கேட்டிருக்கேன். எந்தக் கேசட்டுன்னுதான் ஞாபகம் வரல."

எங்கள் வீட்டில் 184 கேசட்டுகள் இருக்கின்றன, மூன்று மைலோ டின்களிலும் ஒரு பழைய சூட்கேசிலுமாக. எல்லாமே கடிதங்கள். பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்த பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பா சிங்கப்பூர் வந்து ஜூரோங் பக்கம் கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது, இருவரும் பேசிப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டார்கள். யாராவது பேருந்து ஏறினால் அவர் பையில் ஒரு கேசட்டும் போகும். பாட்டி காலமான பிறகு, அப்பா அனுப்பியவையும் எங்களிடமே திரும்பி வந்தன.

நாடா கெட்டுப்போவதற்குள் காப்பாற்றிவிட வேண்டும் என்று, அப்பா போன பிறகு நான் அவற்றைக் கணினிக்கு மாற்றத் தொடங்கியிருந்தேன். வானொலியில் வேலை செய்கிற எனக்கே இதில் குறுக்குவழி கிடையாது. அறுபது நிமிட நாடாவுக்கு அறுபது நிமிடம் ஆகத்தான் செய்யும். மாலையில் ஓடவிட்டுவிட்டுச் சமைப்பேன், துணி மடிப்பேன், சில நாள் தூங்கியும் போவேன். ஏழு மாதம் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய 200 மணி நேரம், 120 கிகாபைட். ஆனால், எதில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டாலும் இருநூறு நாள். காதுகுத்துக்கோ ஏழு வாரம்தான் இருந்தது.

சித்தி மகன் ஒருவன் வங்கியில் தரவுப் பிரிவில் வேலை செய்கிறான். அவனிடம் சொன்னேன். "அக்கா, நீங்க ஏன் கேட்கணும்? மேகத்துல இருக்கிற மிஷின் கேட்கட்டும்" என்றான்.

மேகம் என்பது வானத்தில் இல்லை. யாரோ ஒருவருடைய கட்டடத்தில், குளிரூட்டிய அறையில் வரிசையாக நிற்கும் கணினிகள்தான். கூகுளின் சிங்கப்பூர்த் தரவு நிலையம் ஜூரோங் வெஸ்டில் இருக்கிறது. அங்குள்ள கணினிகளை 2017 முதல் வெளியாரும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்பா பேசி அனுப்பிய குரல் இத்தனை ஆண்டு கழித்து அதே ஜூரோங்குக்குத் திரும்பப் போகிறது என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அவன் போட்ட திட்டம் இது. ஐந்து கணினிகளை வாடகைக்கு எடுத்து ஒரு கூட்டமாக இணைப்பது. அவர்கள் மொழியில் அது 'கிளஸ்டர்'. அந்தக் கூட்டம் முதலில் ஒலியில் உள்ள இரைச்சலைக் குறைத்து, மௌனமான இடங்களை வெட்ட வேண்டும். அடுத்து பேச்சை எழுத்தாக்கும் சேவைக்கு அனுப்ப வேண்டும். எழுத்து வந்ததும் எந்தச் சொல் எந்தக் கேசட்டில் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று அகராதி போலப் பட்டியல் போட வேண்டும். கடைசியாகக் கணினிகளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசிப் படி ரொம்ப முக்கியம். வேலை முடிந்தும் கிளஸ்டரைக் கலைக்காமல் விட்டால், டாக்சியை நிறுத்தி வைத்துவிட்டுக் கடைக்குள் போன கதைதான். மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

பல கணினிகளுக்கு ஒரு வேலையைப் பங்கு போட்டுக் கொடுத்து, விடைகளைச் சேர்த்துக்கொள்ளும் இந்த முறையைப் பிரபலமாக்கியது, கூகுளின் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. அதை அடியொற்றி வந்த மென்பொருளுக்கு ஹடூப் என்று பெயர். அதை உருவாக்கிய டக் கட்டிங்கின் சின்ன மகன் தன் மஞ்சள் பொம்மை யானைக்கு வைத்த பெயர் அது. எங்கள் வேலைக்கு இந்த யானை தேவையே இல்லை என்பதைத் தம்பியே ஒப்புக்கொண்டான். "நாலு தோசைக்கு நாப்பது பேர் சமையல்கட்டுதான்க்கா. ஆனா எனக்குத் தெரிஞ்ச சமையல்கட்டு இதுதான்."

இந்தக் கணினிகளிடம் எப்படிப் பேசுவது? ஏபிஐ வழியாக. இதை அவன் எங்கள் புளோக்கின் கீழே உள்ள கோப்பிக்கடையில் வைத்து விளக்கினான். நாம் கடைக்குள் புகுந்து அடுப்பைத் தொடுவதில்லை. முன்னால் நின்று, "கோப்பி சி, சியூ தாய்" என்கிறோம். பால் எது, சர்க்கரை எவ்வளவு என்பதெல்லாம் அந்த நாலு சொல்லிலேயே அடங்கிவிட்டது. அந்தச் சொற்கள்தான் கடையின் ஏபிஐ. நீங்களாக ஒரு புதுச் சொல்லை உண்டாக்கினால் கடைக்காரர் முறைப்பார். கணினியோ பிழை என்று எழுதி அனுப்பும்.

கூகுளின் டேட்டாபிராக் என்ற சேவையில், படிகள் எல்லாவற்றையும் ஒரு வார்ப்புருவாக முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர். அதற்கு முன்னால் எவை எவை முடிந்திருக்க வேண்டும் என்ற குறிப்பும் உண்டு. எழுத்தாக்கும் படி முடியாமல் பட்டியல் போடும் படி தொடங்காது. பிறகு ஏபிஐ வழியாக ஒரே ஒரு கட்டளை: இந்த வார்ப்புருவை ஓட்டு. கிளஸ்டரை உருவாக்குவது, வேலைகளை வரிசையாகக் கொடுப்பது, முடிந்ததும் கிளஸ்டரை அழிப்பது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

தம்பி எல்லாவற்றையும் எழுதி, ஓட்டும் கட்டளையை என் மடிக்கணினியில் வைத்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை விமானம் ஏறிவிட்டான். "ஒரு தடவ என்டர் தட்டுங்க, அவ்வளவுதான்" என்றான்.

தட்டினேன். திரையில் நீளமாக ஓர் எண் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஐந்து நிமிடம் காத்திருந்தேன். வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று மறுபடி தட்டினேன். இன்னொரு நீள எண். மூன்றாவது முறை. இரவு தூங்கப் போகுமுன், எதற்கும் இருக்கட்டும் என்று நான்காவது முறை.

பதில் வந்தது, விடை வரவில்லை

என் தப்பு என்னவென்று திங்கட்கிழமைதான் புரிந்தது. ஏபிஐ உடனே கொடுத்தது பதிலைத்தான். 'உங்கள் வேலையை ஏற்றுக்கொண்டோம், இதோ உங்கள் எண்' என்பதே அந்த நீள எண்ணின் பொருள். வேலை முடிய மணிக்கணக்கில் ஆகும். இடையில் அந்த எண்ணைச் சொல்லி, காத்திருக்கிறதா, ஓடுகிறதா, முடிந்ததா என்று நாம்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும். உணவங்காடியில் கையில் எண் கொடுத்து உட்காரச் சொல்வார்களே, அப்படி. நானோ எண்ணை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாப்பாடு வரவில்லையே என்று மறுபடி மறுபடி வரிசையில் நின்றிருக்கிறேன்.

நான்கு முறை தட்டியதற்கு நான்கு கிளஸ்டர்கள் எழுந்தன. நான்கும் அதே 200 மணி நேரத்தை எழுத்தாக்க அனுப்பின. முந்நூறு வெள்ளிக்குள் முடிய வேண்டியது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. செலவு வரம்பு வைத்திருந்தேனே என்று கேட்பீர்கள். வைத்திருந்தேன். அது மின்னஞ்சல் அனுப்புவதோடு சரி, தானாக எதையும் நிறுத்தாது. அந்த மின்னஞ்சல் சனிக்கிழமை காலையே வந்திருக்கிறது. நான் அப்போது நிகழ்ச்சியில் இருந்தேன்.

பணத்தைவிடப் பெரிய சேதம் வேறு. நான்கும் விடைகளை ஒரே கோப்புறையில் எழுதின. ஒன்று பட்டியல் போடத் தொடங்கிய நேரத்தில் இன்னொன்று அதே எழுத்துகளை அழித்துத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. வந்து சேர்ந்த பட்டியல் பாதி வெறுமை. அது தெரியாமல் நான் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து 'நாகப்பட்டினம்' என்று தேடினேன். இல்லை. 'குலதெய்வம்' என்று தேடினேன். இல்லை.

"அப்ப நான்தான் தப்பா நினைச்சிட்டிருக்கேன் போல" என்றார் அம்மா. அப்பா போனதிலிருந்து அவர் தன் ஞாபகத்தைச் சந்தேகப்படத் தொடங்கியிருக்கிறார். அந்தச் சந்தேகத்துக்கு நான் சாட்சி சொல்லிவிட்டேன்.

ஊரிலிருந்து திரும்பிய தம்பி ரசீதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டான். பிறகு, தப்பு தன்னுடையது என்றான். கட்டளையோடு ஓர் அடையாளக் குறியையும் சேர்த்து அனுப்ப இந்த ஏபிஐயில் வசதி இருக்கிறது. எழுத்தும் எண்ணும் கலந்து 40 குறிகள் வரை வைத்துக்கொள்ளலாம். அந்தக் குறியுடன் ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது, அதே குறியுடன் இன்னொன்று தொடங்காது. இணைப்பு விட்டுவிட்டு வரும்போதும், பொறுமை இல்லாதவர்கள் திரும்பத் திரும்பத் தட்டும்போதும் காப்பாற்றுவதற்காகவே வைத்தது. எப்போதும் போட்டு அனுப்புங்கள் என்று கையேடே சொல்கிறதாம். வீட்டு வேலைதானே என்று இவன் விட்டுவிட்டான்.

இதில் எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை என்பதுதான் வெட்கம். வாழ்த்து நிகழ்ச்சிகளில், இணைப்பு கிடைக்கவில்லை என்று ஒரே நேயர் ஐந்து முறை அழைப்பார். கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்திருப்போம். அதனால் ஒரு பாட்டிக்கு ஐந்து முறை பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதில்லை.

இரண்டாம் முறை, குறியைப் போட்டோம். ஒவ்வோர் ஓட்டத்தின் விடையும் அதே குறியைப் பெயராகக் கொண்ட தனிக் கோப்புறைக்குப் போகும்படி மாற்றினான். நேர வரம்பும் வைத்தான். இதை 10 நிமிடத்திலிருந்து 24 மணி நேரம் வரை வைக்கலாம். நாங்கள் ஆறு மணி நேரம் வைத்தோம். அதற்குள் வேலைகள் முடியாவிட்டால் அவற்றை ரத்து செய்து, கிளஸ்டரையும் கலைத்துவிடும். செலவை அண்ணன் ஏற்றுக்கொண்டான். முதல் தடவைச் செலவைப் பற்றி அவனிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வான்.

'ராஜ உலா'

கூகுளின் எழுத்தாக்கும் சேவையில் தமிழுக்கு நான்கு தேர்வுகள் இருக்கின்றன: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர். மலேசியத் தமிழைத் தேர்ந்தோம். ஆனாலும் பாட்டி வெற்றிலை போட்டுக்கொண்டே பேசுகிறவர். பின்னணியில் கோழி, மழை, பக்கத்து வீட்டு வானொலி. இயந்திரம் திணறியது தெரிந்தது.

இந்த முறை பட்டியல் முழுதாக வந்தது. 'கப்பல்' என்று தேடினேன். 61 இடங்கள். பெரும்பாலும் அப்பா பட்டறையைப் பற்றிப் பேசியவை. 'நாகப்பட்டினம்' மூன்றே இடம். இரண்டாவதில் இப்படி எழுதியிருந்தது: 'நாகப்பட்டினத்தில் ராஜ உலா ஏறி வந்தோம்.'

நான் விழித்தேன். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ரஜூலா! ரஜூலா கப்பல்டி!"

நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் பல ஆண்டு ஓடிய கப்பல். இயந்திரம் அதை மன்னர் ஊர்வலமாக்கிவிட்டது. கேசட் 97, முதல் பக்கம், 22ஆவது நிமிடம். எழுத்தை விட்டுவிட்டு ஒலியை ஓடவிட்டோம்.

பாட்டி ஒரு முறை இருமுகிறார். பிறகு, எட்டு வயதில் கப்பல் ஏறியதைச் சொல்கிறார். ஊரைப் பற்றி வருகிற வரியை இயந்திரம் 'முத்து போட்ட பக்கம்' என்று எழுதியிருந்தது. பாட்டி சொன்னது, "முத்துப்பேட்டைப் பக்கம்." ஆனால் அந்தப் பெயரில் திருவாரூர் மாவட்டத்திலும் ஊர் இருக்கிறது, இராமநாதபுரத்திலும் இருக்கிறது. எதுவென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது, பாட்டியே அடுத்த வரியில் உதவினார். அவருடைய அப்பா ஓடத்தில் அலையாத்திக் காட்டுக்குள் போய் மீன் பிடிப்பாராம். அந்தக் காட்டுக்குப் பேர் போனது திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டைதான். அங்கிருந்து மேற்கே நாலு கல் நடந்தால் குளத்தங்கரையில் அய்யனார் கோயில், அதுதான் நம்ம சாமி என்கிறார் பாட்டி. அந்தச் சின்ன ஊரின் பெயரைச் சொல்லத் தொடங்கும்போது பக்கத்து வீட்டு வானொலி சத்தமாக எழுந்து அமுக்கிவிடுகிறது. வானொலிக்காரி நான் வேறு என்ன சொல்ல?

அம்மா சுங்கை சிப்புட்டில் உள்ள பெரியத்தைக்குத் தொலைபேசியில் அழைத்து, குளத்தங்கரை அய்யனார் என்றால் எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். காதுகுத்து அழைப்பிதழில் குலதெய்வம் என்ற இடத்தில் இப்போதைக்கு 'அய்யனார் துணை' என்று போட்டாயிற்று.

அந்தப் பத்து வினாடியிலிருந்து வானொலிச் சத்தத்தை மட்டும் பிரித்தெடுக்க முடியுமா என்று தம்பியிடம் கேட்டேன். புது வார்ப்புரு ஒன்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறான். நேற்றிரவு மடிக்கணினியைத் திறந்து, அடையாளக் குறியைப் போட்டேன். அம்மா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒரே தடவதான் அமுக்கணும், என்ன?" என்றார்.