"சும்மா ஒரு கையெழுத்துதான்!" - ரிஜிஸ்டர் ஆபீஸ் போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய வார்த்தைகள்

"ரிஜிஸ்டர் ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போம்மா, சும்மா ஒரு கையெழுத்துதான்!" அண்ணனோ சித்தப்பாவோ இப்படிக் கூப்பிட்டால், ஆதார் கார்டை எடுப்பதற்கு முன் பத்திரத்தின் தலைப்பைப் படியுங்கள். பங்கை வாங்கப்போறீங்களா, விட்டுக்கொடுக்கப் போறீங்களா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

விடுதலைப் பத்திரம்

சொத்தில் உங்களுக்குள்ள பங்கை, இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுக்கும் ஆவணம் இது. பதிவான பிறகு, 'படிக்காம போட்டுட்டேன்' என்று சொன்னால் மட்டும் ரத்தாகாது. ஏமாற்றி வாங்கினார்கள் என்று சிவில் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அந்த வழக்கையும் விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

பாகப்பிரிவினைப் பத்திரம்

யாருக்கு எந்தப் பகுதி என்று பிரித்து எழுதுவது. சர்வே எண், பரப்பளவு, நான்கு எல்லை மூன்றையும் சரிபாருங்கள்.

"கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே, பங்கு எதுக்கு?" என்பார்கள். நகை போட்டதால் சொத்துரிமை போய்விடாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தப்படி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை உண்டு. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என, வினீதா சர்மா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால், 20.12.2004-க்கு முன்பே முறைப்படி பதிவான பாகப்பிரிவினையை இந்தத் திருத்தத்தைக் காட்டிக் கிளற முடியாது.

உயில், செட்டில்மென்ட்

உயில், எழுதியவரின் காலத்துக்குப் பிறகே செல்லும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவு கட்டாயமில்லை, 2 சாட்சிகள் கட்டாயம். தான செட்டில்மென்ட் அப்படியல்ல. பதிவு கட்டாயம், எழுதிக் கொடுத்தவர் நினைத்தபடி ரத்து செய்ய முடியாது.

வரி? அப்பா, அண்ணன் போன்ற நெருங்கிய உறவினர் தானமாகக் கொடுத்த சொத்தைப் பெறுவதற்கு வருமான வரி இல்லை. அதை விற்கும்போது வரும் லாபத்துக்குத்தான் மூலதன ஆதாய வரி. பொதுவாக, அவர்கள் வாங்கிய விலையை வைத்தே லாபம் கணக்கிடப்படும். அதனால் பழைய பத்திரத்தைப் பத்திரமா வைங்க!

பட்டா, வில்லங்கச் சான்று

பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவு. அது அண்ணன் பேரில் இருப்பதாலேயே சொத்து முழுக்க அவருடையது ஆகிவிடாது. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால், பதிவான விவரங்கள் மட்டுமே அதில் வரும். பதிவாகாத உயில் ஒன்று பீரோவில் இருந்தால், அதில் தெரியாது.

எக்ஸ்பார்ட்டி

கோர்ட் சம்மன் வந்தும் ஆஜராகாமல் இருந்தால், உங்கள் தரப்பைக் கேட்காமலேயே வழங்கப்படும் தீர்ப்பு. அதை நீக்கக் கோரி மனு போட, பொதுவாக 30 நாள்களே அவகாசம். 'குடும்ப விஷயம்தானே' என்று சம்மனை ஓரமாக வைக்காதீங்க.

ரொம்ப சிம்பிள். பத்திரத்தின் டிராஃப்ட் காப்பியை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அவர்கள் வைத்திருக்கும் வக்கீலிடம் இல்லாமல், உங்களுக்குத் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள். வசதி இல்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். உதவி எண் 15100.

"படிச்சுப் பார்த்துட்டு போடுறேண்ணே" என்று சொல்வதால் உறவு முறிந்துவிடாது. விருப்பப்பட்டே விட்டுக்கொடுப்பதாக இருந்தாலும், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.