உழவர் மானியம்

சேலம் நகரை அடுத்து ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. அம்மலைமீது ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு என்னும் ஊர் அமைந்துள்ளது. ஏரியும் காடும் சூழ்ந்த இடமாதலின் அப்பெயர் பெற்றது என்பர். சேலத்தில் ஆட்சித்தலைவராக விளங்கிய காக்பர்ன் என்பார் 1820-ஆம் ஆண்டுகளில் இம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். இன்று காப்பியும், நிழல் மரங்களைப் பற்றிப் படரும் மிளகும் இங்குள்ள மக்களின் வாழ்வுக்கு ஆதாரமாய் உள்ளன. பெருந்தோட்டங்களேயன்றி, மலைவாழ் மக்களின் சிறு நிலங்களும் இங்கு உண்டு.

காப்பிச் செடி நட்டவுடன் பயன் தருவதன்று. காய்ப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். பங்குனி, சித்திரையில் பெய்யவேண்டிய மழை பொய்த்தால் பூ குறையும். பூ குறைந்தால் விளைவும் குறையும். தண்டைத் துளைக்கும் வண்டு புகுந்த செடியை வேரோடு பிடுங்கி எரித்தல் வேண்டும். மீண்டும் நட்டுக் காய்க்கும்வரை செலவு உண்டு, வரவு இல்லை. கைப்பொருள் இல்லாத சிற்றுழவன் அக்காலத்தை எவ்வாறு கடப்பான்?

இந்நிலையில் உதவுவதே மானியம். கடன் திருப்பிச் செலுத்தற்குரியது, மானியம் அத்தகையதன்று. உழவனின் செலவில் ஒரு பகுதியை அரசு தானே ஏற்றுக்கொள்கிறது. 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இயங்கும் காப்பி வாரியம், பழைய செடிகளை அகற்றிப் புதியன நடுவதற்கும், நீர்நிலை அமைப்பதற்கும் மானியம் வழங்கி வந்துள்ளது. இது செய்யும் பணிக்கு ஏற்ப அளிக்கப்படுவது.

குடும்பத்தின் வருவாய்க்குத் துணையாக அளிக்கப்படும் உதவித்தொகை மற்றொரு வகை. 2019-இல் நடுவணரசு தொடங்கிய பி.எம். கிசான் திட்டம் இவ்வகையினது. நிலவுடைமையுள்ள உழவர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக, வங்கிக் கணக்கிலேயே சேரும் வண்ணம் அது வகுக்கப்பட்டது. வருமான வரி செலுத்துவோர்க்கு அவ்வுதவி இல்லை. நிலம் தம் பெயரில் இன்றிக் குத்தகைக்கு உழுவோரும் அதனைப் பெறவியலாது. ஆதலின், பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிப் பதிவு செய்துகொள்ளுதல் நிலவுடைமையாளர்க்கு இன்றியமையாதது.

நன்னோக்குடன் வகுத்த திட்டமும் காவல் இன்றேல் கெடும். 2020-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் இது மெய்யாயிற்று. அலுவலர்க்குரிய கடவுச்சொற்களை இடைத்தரகர் சிலர் தவறாகக் கையாண்டு, தகுதியற்றோரைப் பட்டியலில் சேர்த்தனர். ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் பேர் அவ்வாறு சேர்க்கப்பட்டனர் என்றும், 110 கோடி ரூபாய் அவர்களிடம் சென்றது என்றும் அரசு அறிவித்தது. பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. குற்றப் புலனாய்வுத் துறையினர் வழக்குத் தொடுத்தனர். தொகையைத் திரும்பப் பெறும் பணியும் தொடங்கிற்று.

அரசுப் பணம் யாருடையது? கடையில் ஒரு சோப்புக் கட்டி வாங்கும் ஏழையும் அதன் விலையோடு வரி செலுத்துகிறான். அவ்வாறு துளித்துளியாய்ச் சேர்ந்ததே மானியத்திற்குரிய பொருள். தகுதியற்றவன் அதனைப் பெறுவது, செடி காய்க்கும் நாளை எதிர்நோக்கியிருக்கும் மலையுழவனின் பங்கைக் கவர்வதேயாகும். விண்ணப்பத்தில் உண்மையே எழுதுதலும், பிறர் நீட்டும் தாளைப் படித்துணர்ந்த பின்னரே கையொப்பமிடுதலும், கடவுச்சொல்லை எவர்க்கும் உரையாமையும் சிறு செயல்களாகத் தோன்றலாம். உரிய பொருள் உரியவரைச் சென்றடைவது அச்சிறு செயல்களாலேயாம். எழுத்தறிவு பெற்ற இளைஞர், எழுதப் படிக்க அறியாத முதியோர்க்கு இவற்றில் துணைநிற்றல் கடமையாகும்.