மலையில் தனியாக: நாம் இருக்கும் இடம் யாருக்குத் தெரியும்?

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது மலம்புழா. 2022 பிப்ரவரி 7ஆம் தேதி அங்குள்ள செராடு மலையில் 23 வயது இளைஞர் ஒருவர் நண்பர்களோடு ஏறினார். பாதி வழியில் நண்பர்கள் களைத்துத் திரும்பிவிட்டார்கள். அவர் மட்டும் தொடர்ந்து ஏறினார். இறங்கும்போதுதான் கால் வழுக்கியது. செங்குத்தான பாறைச் சரிவில், ஓர் ஆள் ஒடுங்கி உட்காரும் அளவே உள்ள ஒரு பிளவில் சிக்கிக்கொண்டார். காலில் காயம். கையில் உணவும் இல்லை, தண்ணீரும் இல்லை.

மறுநாள் ஹெலிகாப்டர் வந்து பார்த்தது. பாறைக்கு அருகில் நெருங்க முடியவில்லை. அன்று இரவு இந்திய ராணுவத்தின் மலையேற்ற வீரர்கள் வந்து சேர்ந்தார்கள். நீலகிரியின் வெலிங்டனிலிருந்து ஒரு குழுவும் பெங்களூரிலிருந்து மற்றொரு குழுவும் வந்திருந்தன. இருட்டிலேயே மலையேறி, 9ஆம் தேதி காலையில் கயிற்றில் இறங்கி, முதலில் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு தம்மோடு சேர்த்துக் கட்டி மேலே இழுத்தார்கள். நாற்பது மணி நேரத்துக்கும் மேலாக அவர் அந்தப் பாறையில் இருந்திருக்கிறார்.

செய்திகள் எல்லாம் வீரர்களின் துணிச்சலைப் பாராட்டின. அது நியாயம்தான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கைப்பேசியில் மின்கலம் தீரும் முன்பே, தான் சிக்கியிருந்த இடத்தைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டார் அவர். அதனால் மீட்புக் குழுவினர் காட்டைச் சல்லடை போட்டுத் தேட வேண்டியிருக்கவில்லை. அவரை எப்படி எட்டுவது என்பது மட்டுமே அவர்கள் முன்னிருந்த கேள்வி.

இதற்கு நேர்மாறான கதை நம் நாட்டில் நடந்தது. தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பெயர் பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967இல் ஈஸ்டர் விடுமுறைக்குக் கேமரன் மலைக்கு வந்தார். மார்ச் 26ஆம் தேதி பிற்பகல், பங்களாவில் மற்றவர்கள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் தனியாக வெளியே போனார். எங்கே போகிறார், எந்தப் பாதையில் போகிறார் என்று யாரிடமும் சொல்லவில்லை. காவல்துறையினர், ராணுவத்தினர், பூர்வக்குடி வழிகாட்டிகள் என நூற்றுக்கணக்கானோர் நாள்கணக்கில் தேடினார்கள். ஒரு தடயமும் கிடைக்கவில்லை. கடத்தல் என்றும் உளவு வேலை என்றும் இன்றுவரை கதைகள் உலவுகின்றன. என்னதான் நடந்திருந்தாலும், எந்தத் திசையில் தேடுவது என்பதே அன்று தெரியவில்லை.

ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த '127 ஹவர்ஸ்' படத்தைப் பார்த்தவர்களுக்கு ஆரோன் ரால்ஸ்டனைத் தெரிந்திருக்கும். 2003இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பள்ளத்தாக்கு ஒன்றில் பாறை விழுந்து அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. அவரும் யாரிடமும் சொல்லாமல் போனவர்தான். தேடி யாரும் வரப்போவதில்லை என்பது அவருக்கே தெரியும். ஐந்து நாள்களுக்குப் பிறகு, தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியேறினார்.

இந்தக் கதைகளையெல்லாம் ஆயர் ஈத்தாமில் உட்கார்ந்து ஏன் பேச வேண்டும்? இங்கே பலருக்கு மலை என்பது வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. அணைக்கட்டுப் பக்கமிருந்து கொடிமலைக்கு விடியற்காலையில் தனியாக நடக்கும் பெரியவர்களைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். 833 மீட்டர்தானே, மேலே போனால் முருகன் கோயில், இறங்குவதற்கு ரயில் என்ற நினைப்பு எல்லோருக்கும் உண்டு. ஆனால் 2017 நவம்பரில் கொட்டிய மழையில் இதே மலையில் பல இடங்களில் மண் சரிந்தது. குனோங் தஹான் போன்ற மலைகளுக்கு அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் வேண்டும் என்கிறார்கள். நம்மில் பலர் அதைத் தொல்லையாக நினைக்கிறோம். அந்தச் சீட்டினால், நாம் உள்ளே இருக்கிறோம் என்பது ஒருவருக்காவது தெரிகிறது. கொல்லைப்புற மலையில் நம் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை. அதை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

தனியாக ஏறும் நாள்களில் நான் அம்மாவுக்குப் புலனத்தில் ஒரு வரி அனுப்புவேன்: "அணைக்கட்டுப் பாதை, 7 மணிக்கு ஏறுகிறேன், 12 மணிக்குள் கீழே." பாதையை மாற்றினால் அதையும் சொல்லிவிடுவேன். "மலைக்குப் போகிறேன்" என்று மட்டும் சொல்வதால் பயனில்லை. கொடிமலைக்கு எத்தனையோ பாதைகள் உண்டு. முக்கியமானது திரும்பும் நேரம். அது தெரியாவிட்டால், எப்போது கவலைப்படத் தொடங்குவது என்று வீட்டிலிருப்பவருக்கு எப்படித் தெரியும்?

வழி தவறிவிட்டால் ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம் மலைகளில் அது ஆபத்தான யோசனை. ஓடை திடீரென்று அருவியாக விழும், பாறைகள் பாசி படிந்து வழுக்கும், தண்ணீர்ச் சத்தத்தில் நாம் கூப்பிடுவதும் பிறருக்குக் கேட்காது. கடைசியாகத் தெரிந்த பாதைக்குத் திரும்ப முடியுமா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அதே இடத்தில் இருங்கள். நகர்ந்துகொண்டே இருப்பவரைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

இருட்டையும் கணக்கில் வைக்க வேண்டும். பினாங்கில் சூரியன் மறைவது மாலை ஏழு மணிக்கு மேல் என்றாலும், மரங்களுக்கு அடியில் அதற்கு வெகுமுன்பே பாதை தெரியாமல் போய்விடும். கைப்பேசி வெளிச்சத்தை நம்பி இறங்கினால், உதவிக்கு அழைக்க வேண்டிய மின்சாரம் அதிலேயே போய்விடும். ஒரு சிறிய டார்ச் லைட், ஒரு விசில், ஒரு மழைச்சட்டை, இவை பென்சில் பெட்டி அளவு இடத்தைத்தான் அடைக்கும். கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகும் விசில் ஊத முடியும்.

காட்டுக்குள் அலைவரிசையைத் தேடித் தேடியே கைப்பேசியின் மின்கலம் வேகமாகத் தீரும். சிக்கல் என்று தெரிந்தவுடன், மின்சாரம் மிச்சமிருக்கும்போதே 999ஐ அழையுங்கள். பாதையின் பெயர், புறப்பட்ட இடம், கடைசியாகக் கடந்த ஓய்வுக் குடில் அல்லது பலகை, காயம் உண்டா என்பதைச் சொல்லுங்கள். இருப்பிடத்தையும் சுற்றுப்புறப் படத்தையும் வீட்டுக்கு அனுப்புங்கள். மீண்டும் எந்த நேரத்தில் பேசுவது என்று அவர்களோடு முடிவு செய்துகொண்டு, அதுவரை கைப்பேசியை அணைத்து வையுங்கள்.