மீட்கப்பட்டும் மறைந்த குதிரைகள்

தமிழில் ‘மீட்டல்’ என்றால் கைவிட்டுப் போனதைத் திரும்பப் பெறுதல் என்பது பொருள். அடகு வைத்த நகையை மீட்கிறோம். பறிபோன நிலத்தை மீட்கிறோம். மீட்ட பொருள் நம்மிடமே நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கை இச்சொல்லில் அடங்கியிருக்கிறது. ஆனால் துன்புறும் விலங்குகளை மீட்கும் பணியில் அந்நம்பிக்கை பல வேளைகளில் நிறைவேறுவதில்லை. விலங்குக் காப்பகங்களுக்கு வந்து சேரும் குதிரைகளிற் பல, சில நாட்களுக்குள் இறந்துவிடுகின்றன. வேறு சில, ஓரிரு ஆண்டுகள் அமைதியாக வாழ்ந்து முதுமையால் மறைகின்றன. எப்படியும் சாகப்போகும் குதிரைக்குத் தீனியும் மருந்தும் செலவிடுவானேன் என்று கேட்போர் உண்டு. இறந்த குதிரையை நினைவுகூர்வதால் யாருக்குப் பயன் என்று வினவுவோரும் உண்டு. இவ்வினாக்களைப் பெங்களூர் நகரைச் சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

குதிரைக்கும் பெங்களூருக்கும், குதிரைக்கும் அந்நகர்த் தமிழருக்கும் உள்ள தொடர்பு பழையது. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அங்கே படைப் பாசறை அமைத்தபோது, சென்னை மாகாணப் படையோடு தமிழ் மக்கள் பலர் அங்கே குடியேறினர். படைவீரரேயன்றி, குதிரைக்காரர், புல் வெட்டுவோர், வண்டிக்காரர் எனப் பல தொழிலினரும் அவருள் இருந்தனர். பிற்காலத்தில் அந்நகர்த் தெருக்களில் ஓடிய ஜட்கா வண்டிகளை நம்மில் மூத்தோர் அறிவர். நகருக்கு மேற்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குணிகல், திப்பு சுல்தான் காலந்தொட்டே குதிரைப் பண்ணைக்குப் பெயர்பெற்ற ஊர். முதல் உலகப் போரில் மைசூர் லான்சர்ஸ் என்னும் குதிரைப்படை பாலஸ்தீன நாடு சென்று, 1918ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் ஹைபா நகரைக் கைப்பற்றிய போரில் ஜோத்பூர் லான்சர்ஸ் படையோடு சேர்ந்து பங்குகொண்டது. அப்படையின் நினைவுத் தூண் பெங்களூரில் ஜெயசாமராஜேந்திர நகர்ப் பகுதியில் நிற்கிறது. டில்லியில் வாழும் நேயர்கள் அறிந்த தீன்மூர்த்திச் சதுக்கத்து மூன்று சிலைகளும் ஹைதராபாத், ஜோத்பூர், மைசூர் ஆகிய சமஸ்தானங்களின் குதிரைப்படை வீரர்களைக் குறிப்பனவே.

போரில் மாண்ட குதிரையைப் பற்றி உலகம் ஓரளவு பேசுகிறது. உழைத்துத் தேய்ந்து மாளும் குதிரையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நன்கு பேணப்படும் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடும். பந்தயக் குதிரையோ இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்குகிறது. அதன் ஓட்டக் காலம் சில ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. எஞ்சிய வாழ்நாள் நீண்டது. அக்காலத்தில் சவாரிப் பள்ளி, கலியாண ஊர்வலம், கடற்கரைச் சவாரி, பார வண்டி என்று அது கைமாறிக்கொண்டே போகலாம். கைமாறுந்தோறும் விலை குறையும். வாங்குவோரின் வசதியும் பெரும்பாலும் குறையும். நடுத்தர உருவமுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு எட்டுக் கிலோவுக்குக் குறையாத உலர்ந்த தீனியும், 25 லிட்டருக்குக் குறையாத நீரும் வேண்டும். குதிரை நொண்டினால் வண்டிக்காரருக்கு அன்றைய வருமானம் இல்லை. ஆனால் குதிரையின் பசி நிற்பதில்லை. குதிரை கைவிடப்படுவதற்குக் கொடுமனம் மட்டுமே காரணம் அன்று. வறுமையும் அறியாமையும் பெருங்காரணங்கள். இதை உணராமல் வண்டிக்காரரை மட்டும் பழிப்பது நீதியாகாது.

புறக்கணிப்புக் குதிரையின் உடலில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்தால், மீட்ட பின்னும் அது ஏன் இறக்கிறது என்பது விளங்கும். குதிரையின் கடைவாய்ப் பற்கள் தேயத் தேய வெளிவந்துகொண்டே இருக்கும் இயல்புடையவை. அவை ஒழுங்கின்றித் தேய்ந்தால் ஓரங்கள் கூர்மையாகி நாவையும் கன்னத்தையும் கிழிக்கும். முதுமையில் பல் முழுவதும் தேய்ந்துபோக, புல்லை மெல்ல இயலாமற் போகும். எதிரே தீனி குவிந்திருந்தும் உடல் மெலியும். குளம்பு நம் நகத்தைப் போல் வளர்வது. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை அதைச் சீவவேண்டும். சீவாவிட்டால் நடை கோணி, மூட்டுகள் கெடும். குதிரையின் இரைப்பை சிறியது. நாள் முழுவதும் சிறிது சிறிதாக மேய்வதற்கென அமைந்தது. அதனால் வாந்தி எடுக்க இயலாது. ஆகவே கெட்ட தீனி, குப்பை, நீர்க்குறைவு ஆகியவை கொடிய வயிற்றுச் சூலையை உண்டாக்குகின்றன.

பட்டினி கிடந்த குதிரைக்கு நேரும் ஆபத்து நாம் எளிதில் நினைத்துப் பாராதது. உணவில்லாதபோது உடல் முதலில் தன் கொழுப்பையும், பிறகு தசையையும் கரைத்து உயிர் வாழ்கிறது. அந்நிலையில் ஒருவர் இரக்கங்கொண்டு கொள்ளும் தவிடும் வயிறு நிறைய வைத்தால், இரத்தத்தில் சர்க்கரை பெருகி, இன்சுலின் மிகுதியாகச் சுரக்கிறது. அதன் விளைவாக இரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய உப்புக்கள் திடீரென்று உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டுக் குறைந்துபோகின்றன. இதயமும் மூச்சும் தளர்ந்து, சில நாட்களில் குதிரை இறக்கக்கூடும். பசியைத் தாங்கி வந்த குதிரை, உணவைத் தாங்கமாட்டாமல் இறக்கிறது. இதனால்தான் மருத்துவர்கள் குதிரைமசால் போன்ற உலர்ந்த தழைத்தீனியைச் சிறு அளவாகச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்து, ஏறத்தாழப் பத்து நாட்களில் மெல்ல மெல்ல அளவைக் கூட்டுகின்றனர்.

விழுந்த குதிரையின் நிலை இன்னும் கடினமானது. நானூறு கிலோ எடையுள்ள உடல் ஒரே பக்கமாக நெடுநேரம் கிடந்தால், கீழ்ப்பக்கத் தசைகளில் இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. தசை சிதைந்து, அதனால் சிறுநீரகம் கெடுகிறது, நுரையீரலும் நெருக்குண்கிறது. அகலமான பட்டைகளைத் தூளிபோல் வயிற்றின் கீழ் கட்டித் தூக்கி நிறுத்துவது இதற்காகத்தான். எனினும், விழுந்து ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்த பின் செய்தி கிட்டுமானால், எத்துணைத் திறமை வாய்ந்த மருத்துவரும் காப்பாற்றுவது அரிது.

அவ்வாறாயின், காப்பாற்ற முடியாத குதிரையை மீட்பதன் பொருள் என்ன? இவ்வினாவுக்குக் கெய்ரோ நகரம் ஒரு விடை தந்திருக்கிறது. மைசூர்ப் படை பங்குகொண்ட அதே மத்திய கிழக்குப் போர் முடிந்ததும், பிரிட்டிஷ் படைக் குதிரைகளிற் பல எகிப்து நாட்டிலேயே விற்கப்பட்டன. 1930ஆம் ஆண்டில் படைத்தலைவரின் மனைவியாகக் கெய்ரோ சென்ற டோரதி புரூக் என்னும் பெண்மணி, அவை எலும்பும் தோலுமாய் வண்டி இழுப்பதைக் கண்டார். 1931இல் ‘மார்னிங் போஸ்ட்’ பத்திரிகைக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்த மக்கள் பணம் அனுப்பினர். அதைக்கொண்டு மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 குதிரைகளை அவர் விலைக்கு வாங்கினார். அவற்றுள் பெரும்பாலானவை பிழைக்கும் நிலையில் இல்லை. சில நாள் ஓய்வும் உணவும் அளித்து, வலியின்றி உயிர் நீங்கச் செய்வதே அவர் செய்யக்கூடியதாக இருந்தது. குதிரை நின்றபடியே உறங்கவல்லது. ஆயினும் ஆழ்ந்து உறங்க அது படுத்தே ஆகவேண்டும். ஆழப் பரப்பிய வைக்கோலின்மீது அக்கிழக்குதிரைகள் கால் வைக்கத் தயங்கி, பின்னர் மெல்லப் படுத்துக் கால்களை நீட்டிக்கொண்டதை அவர் எழுதி வைத்திருக்கிறார். 1934இல் அவர் தொடங்கிய மருத்துவமனை இன்று ‘புரூக்’ என்னும் பெயரில் இந்தியா உட்படப் பல நாடுகளில் உழைக்கும் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் தொண்டு செய்யும் நிறுவனமாக வளர்ந்துள்ளது. இறந்த குதிரைகளே உயிருள்ள குதிரைகளுக்கு மருத்துவமனை கட்டின எனலாம்.

இத்தகைய கதை நம் நாட்டிலும் உண்டு. அது டில்லியில் தொடங்கிப் பெங்களூரில் வந்து முடிகிறது. கிறிஸ்டல் ராஜர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1959ஆம் ஆண்டு டில்லியில் சாலையோரத்தில் சாகுந் தறுவாயில் கிடந்த ஒரு குதிரையைக் கண்டார். உயிர் பிரியுமுன்னரே காகங்கள் அதன் கண்களைக் கொத்தின. மக்கள் தத்தம் வழியே சென்றுகொண்டிருந்தனர். அக்குதிரையைப் பிழைப்பிக்க வழியில்லை. ஆனால் அவர் இந்நாட்டிலேயே தங்கி விலங்குகளுக்குத் தொண்டாற்ற உறுதி பூண்டார். டில்லியில் ஒரு காப்பகமும், 1980இல் ஜெய்ப்பூரில் ‘ஹெல்ப் இன் சஃபரிங்’ என்னும் நிறுவனமும் தோன்றின. எண்பதைக் கடந்த வயதில், 1991இல், பெங்களூரில் ‘கம்பாஷன் அன்லிமிடெட் பிளஸ் ஆக்ஷன்’ என்னும் அமைப்பை அவர் நிறுவினார்; 1996இல் மறைந்தார். பெங்களூரில் இன்று ஒரு நாயோ பசுவோ குதிரையோ அவ்வமைப்பினரால் தூக்கி நிறுத்தப்படுமானால், அதன் பின்னே டில்லிச் சாலையில் மாண்ட அந்தப் பெயரற்ற குதிரை இருக்கிறது.

விலங்கை நினைவுகூர்வது நம் மக்களுக்குப் புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், கோவிவன் என்னும் நாய்க்குப் பல்லவர் காலத்து நடுகல் உள்ளது. கர்நாடகத்தில், காட்டுப் பன்றியோடு போராடி மாண்ட காளி என்னும் வேட்டை நாய்க்குப் 10ஆம் நூற்றாண்டில் ஆதகூரில் நட்ட கல், பிற்காலத்தில் பெங்களூர் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. ஆனால் அவை வீரத்துக்கு நட்ட கற்கள். குதிரைப் பராமரிப்பில் நம் வரலாறு அத்துணைப் பெருமைக்குரியதன்று. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் இறக்குமதியாகியும், பேணும் முறை அறியாமையால் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மாண்டன என்று எழுதினார். மன்னர் ஆண்டுதோறும் புதிய குதிரைகளுக்குப் பொன் கொடுத்தனர். இறந்தவை ஏன் இறந்தன என்று ஆராய்ந்திருந்தால் அப்பொன் மிஞ்சியிருக்கும்.

ஆகவே, காப்பகத்தில் இறந்த குதிரைக்குச் சிறந்த நினைவுச் சின்னம் ஒரு பதிவேடே என்பது நம் கருத்து. எந்தச் சாலையில், எந்த மாதத்தில், எத்தகைய புண்ணோடு அது கிடைத்தது. பல்லும் குளம்பும் எந்நிலையில் இருந்தன. செய்தி எத்தனை மணி நேரம் கழித்து வந்தது. எதனால் இறந்தது என்பவற்றை எழுதி, ஒரு பெயரும் இட்டு வைக்கவேண்டும். பத்துப் பதிவுகள் சேர்ந்தால், எங்கே நீர்த்தொட்டி வேண்டும், எங்கே இலாடம் அடிப்பவருக்குப் பயிற்சி வேண்டும், எவ்வழக்கைக் காவல் துறையிடம் கொண்டு செல்லவேண்டும் என்பது புலப்படும்.

சட்டமும் துணை நிற்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாவே 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்தாயிற்று. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். முதல் குற்றத்துக்கு ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத அபராதம் என அச்சட்டம் வைத்த அளவு மிகச் சிறியது. எனினும், உயிரை வதைப்பது குற்றம் என்பதை அது நிலைநாட்டியது. 1965ஆம் ஆண்டு விதிகள், வண்டி இழுக்கும் விலங்கை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி 5 மணி நேரத்துக்கு மேலும், வெப்பம் 37 டிகிரியைக் கடந்த இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரையிலும் வேலை வாங்கலாகாது என்கின்றன. 2015இல் பம்பாய் உயர் நீதிமன்றம், மும்பையில் உல்லாசச் சவாரிக்கு விக்டோரியா வண்டி ஓட்டுவது சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்தபோது, அத்தொழிலாளருக்கு மறுவாழ்வுத் திட்டம் வகுக்குமாறும் அரசைப் பணித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த அப்பார்வை போற்றத்தக்கது.

எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், விழுந்து கிடக்கும் குதிரையைக் காணும் நேயர் செய்யக்கூடியது சிறிதன்று. அடித்தோ வாலைப் பிடித்தோ எழுப்ப முயலலாகாது. நிழல் செய்து, நீரைச் சிறிது சிறிதாகக் காட்டலாம், தானியம் கொடுக்கலாகாது. பல மாநிலங்களில் 1962 என்னும் தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ உதவி கிடைக்கிறது. காவல் நிலையத்துக்கும் அறிவிக்கலாம். பிழைக்காது என மருத்துவர் முடிவு செய்தால், வலியை நீட்டிக்காமல் முடிவு தருவதற்கும் 1960ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. அதுவும் மீட்பின் ஒரு பகுதியே.

இருபது ஆண்டுகள் பிறர் ஏவியபடி நடந்த உயிருக்கு, இறுதிப் பத்து நாட்களேனும் நிழலும் நீரும் வைக்கோற் படுக்கையும் கிடைப்பது வீண் செலவன்று; அது நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதி. எஞ்சிய பகுதியை, அடுத்த குதிரை விழுவதற்கு முன் அதன் குளம்பையும் பல்லையும் கவனித்துத் தீர்க்கவேண்டும்.