எமிலியின் ரத்தம் காட்டிய வழி

2012 ஏப்ரல். பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் ஆறு வயது எமிலி வைட்ஹெட் செயற்கைச் சுவாசத்தில் கிடந்தாள். ரத்தப் புற்றுநோய்க்காக அவளுடைய டி செல்கள் எனும் நோய் எதிர்ப்புச் செல்களையே மாற்றியமைத்து உடம்பில் ஏற்றியிருந்தார்கள். காய்ச்சல் கொதித்தது, ஸ்டீராய்டுக்கும் அடங்கவில்லை. ரத்தத்தில் பல சைட்டோகைன்களைச் சேர்த்து அளந்து பார்த்தபோது, இன்டர்லூகின்-6 எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அதன் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப், மூட்டுவாத மருந்தாக ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. அதைப் போட்டார்கள். சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. எதைத் தடுப்பது என்று காட்டியது அந்தப் பரிசோதனைதான்.

சைட்டோகைன் என்பது

நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றையொன்று கூப்பிட அனுப்பும் சிறு புரதங்கள் இவை. சில அழற்சியைக் கிளப்பும்; இன்டர்லூகின்-10 போன்றவை தணிக்கும். இவற்றின் அளவை பிகோகிராமில் சொல்வார்கள். ஒரு பிகோகிராம் என்றால் ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

நிறம் பூசிய மணிகள்

1971-இல் வந்த எலைசா முறையில் ஒரு குழிக்கு ஒரு புரதம்தான். முப்பது புரதம் பார்க்க முப்பது பங்கு ரத்தம் வேண்டும். பச்சிளங்குழந்தையிடம் அவ்வளவு எடுக்க மனசு வருமா? இப்போது தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத பிளாஸ்டிக் மணிகள் வந்துவிட்டன. இரண்டு சாயங்களை வெவ்வேறு விகிதத்தில் ஏற்றி, மணிகளை வகைவகையாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு வகையும் ஒரே ஒரு புரதத்தைப் பிடிக்கும். 50 மைக்ரோலிட்டர் சீரம், அதாவது ஒரு சொட்டு, போதும். ஒரு லேசர் மணியின் வகையைக் கண்டுபிடிக்கும். இன்னொன்று அதில் ஒட்டிய புரதத்தின் அளவைச் சொல்லும். கண்ணீர், எச்சில், தண்டுவட நீர் ஆகியவற்றிலும் பார்க்கலாம். மூட்டு நீர் கொழகொழவென்று இருப்பதால் அதைத் தனியாகப் பக்குவப்படுத்த வேண்டும்.

எண் எங்கே பிசகும்?

குழாயில் எடுத்த ரத்தம் அறை வெப்பத்தில் கிடந்தால், உள்ளே உயிரோடிருக்கும் செல்கள் சைட்டோகைனைச் சுரந்துகொண்டே இருக்கும். மாதிரியை உறையவைத்து உருக்கி, மறுபடி உறையவைத்தாலும் அளவு மாறும். முடக்குவாதக்காரர்களின் ரத்தத்திலுள்ள ருமட்டாய்டு காரணி, இல்லாத புரதத்தை இருப்பதாகக் காட்டிவிடலாம். ஒரு லேப் எண்ணை இன்னொரு லேப் எண்ணோடு ஒப்பிடுவது சரிவராது.

யாருக்கு வேண்டும்?

நல்ல உடம்போடு இருப்பவர் ‘இம்யூனிட்டி டெஸ்ட்’ என்று இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. சளி, கடும் உடற்பயிற்சி, உடல் பருமன் எதுவும் இந்த எண்களை ஏற்றிவிடும். சாதாரணக் காய்ச்சலுக்கு ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையும் பெரும்பாலும் போதும். மருத்துவரே எழுதிக்கொடுத்தால், அண்மையில் போட்ட தடுப்பூசி, வந்துபோன காய்ச்சல், சாப்பிடும் ஸ்டீராய்டு எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். மறுமுறை பார்க்க நேர்ந்தால் அதே லேபுக்கே போங்கள்.